மலையேறும் உடலும் மதுவின் பிடியும்

குடியை விடுவதற்குச் சிகிச்சை பெற்றுத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்த ஒருவர், தலவாக்கலைக் கடைத்தெருவில் நம்மைக் கண்டதும் அருகில் வந்தார். நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தந்தை அவர். கையிலிருந்த தாளை நீட்டி, அதில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லும்படி கேட்டார். மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே, நாள்தோறும் அரைமணி நேரம் தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்று வைத்தியர் குறித்திருந்தார். அதைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

“சேர், காலையில பிரட்டுக்குப் போனா அந்திக்குத்தான் லயத்துக்கு வாறேன். கவ்வாத்து வெட்டி, மலை ஏறி எறங்குறது பத்தாதுங்களா? இன்னும் என்னங்க பயிற்சி?”

நாம் உடனே விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. வகுப்பறையில் உடற்பயிற்சியின் நன்மைகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் நமக்கு, அந்த நன்மைகள் யாருடைய உடலை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை என்ற வினா அதுவரை எழுந்ததில்லை. அவர் கேட்டது எளிய கேள்வி போலத் தோன்றினாலும் அதனுள் இம்மலைநாட்டின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த வரலாற்றை நோக்காமல் அவருக்கு நேர்மையான விடை அளிக்க இயலாது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு, திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து மக்கள் இம்மலைகளை நோக்கி நடந்தார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தேயிலை மலைகளை மூடியது. 1885-இல் இருப்புப்பாதை தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை எட்டியது. காட்டை வெட்டியதும், பாதை அமைத்ததும், செடியை நட்டதும், கொழுந்தைச் சுமந்ததும் மனித உடல்களே. துரைமாரின் கணக்கில் அந்த உடலுக்கு ஓர் அளவுகோல் இருந்தது. அதன் பெயரே ‘பேர்’. ஒரு நாள் முழுவதும் உழைத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். கங்காணியின் கடன் அந்தப் பேர்களை முன்கூட்டியே விழுங்கியிருந்தது. தொழிலாளியைக் கடனோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது.

இந்த உடல் அந்தியில் எங்கே செல்லும்? ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில் மழையும் பனியும் குளிரும் கலந்த மாலைப்பொழுது. அட்டை கடித்த கால்கள். ஒரு குடும்பம் முழுவதும் அடங்கவேண்டிய ஒற்றை லயத்து அறை. ஈர விறகின் புகை. அங்கே கால் நீட்டி இளைப்பாற இடமில்லை. வெளியே கதவு திறந்திருந்த ஒரே இடம் தவறணை.

அந்தத் தவறணை தற்செயலாக அங்கே முளைத்ததன்று. சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டுக் குத்தகைப் பணம் பெறும் முறை ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இந்நாட்டில் நிலவியது. ஆங்கிலேயர் அதனைத் தொடர்ந்தனர். அரசாங்கத்தின் கருவூலத்துக்கு அது நம்பகமான வருவாய், குத்தகைக்காரருக்கோ பெருஞ்செல்வம். இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கத்தின் தொடக்கக்கால மூலதனத்தில் சாராயக் குத்தகைக்குப் பெரும்பங்கு உண்டென்பதைக் குமாரி ஜயவர்தன 2000-ஆம் ஆண்டில் வெளியான தமது ஆய்வு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். தவறணையில் சேர்ந்த பணம் பின்னர் தோட்டங்களாகவும், காரீயச் சுரங்கங்களாகவும், நகரத்து மாளிகைகளாகவும் உருமாறியது. பகலில் உழைப்பாகப் பெறப்பட்டது போக எஞ்சியிருந்த கூலி, இரவில் சாராயத்தின் விலையாகத் திரும்பிச் சென்றது. துரைமாரும் தவறணைகளைப் பற்றி முறையிட்டதுண்டு. ஆயின், அவர்களுடைய கவலை பெரும்பாலும் மறுநாட் பிரட்டில் குறைந்துபோகும் ஆட்களைப் பற்றியதே.

“உடம்பு வலிக்கு” என்று சொல்லிக் குடிப்பவர்களை இன்றும் காண்கிறோம். இச்சொல்லைப் போலிக் காரணம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது பிழையாகும். மது மூளையின் கிளர்ச்சியைத் தணித்து வலியைச் சிறிது நேரம் மழுங்கடிக்கிறது. ஆனால் உறக்கத்தின் ஆழத்தைக் குலைக்கிறது. தசையின் களைப்பைப் போக்குவதில்லை. காலையில் வலி முன்னிலும் மிகுகிறது. மாலையில் முன்னிலும் அதிக அளவு வேண்டியிருக்கிறது. நாளடைவில் மூளை மதுவின் தணிப்புக்கு ஈடுகொடுத்துத் தன் இயக்கத்தையே மாற்றிக்கொள்கிறது. அதன்பின் குடிப்பது இன்பத்திற்காக அன்று, நடுக்கம் நிற்பதற்காக. வலிக்கு மருந்தாக வந்தது நோயாகிவிடுகிறது.

*

இதனை நோய் என்று மனிதகுலம் ஒப்புக்கொள்வதற்கு நெடுங்காலம் சென்றது. 1784-இல் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், கடும் மதுவகைகள் உடலிலும் உள்ளத்திலும் விளைக்கும் கேடுகளை மருத்துவ நோக்கில் எழுதினார். 1804-இல் பிரித்தானியக் கடற்படை மருத்துவரான தாமஸ் டிராட்டர், குடிப்பழக்கத்தை மனத்தின் நோய் என்று துணிந்து கூறினார். பாவம் என்று மட்டும் பேசப்பட்ட ஒன்று மருத்துவரின் மேசைக்கு வந்தது. எனினும் ஏழையைப் பொறுத்தவரை பிரசங்கமே நெடுநாள் மருந்தாக நீடித்தது.

நம் நாட்டில் மதுவிலக்கு இயக்கம் 1904-இல் கிளர்ந்தது. 1912-இல் புதிய மதுவரிச் சட்டம் கள்ளுக்கடைகளைப் பெருக்கும் என்ற அச்சம் எழுந்தபோது அது மீண்டும் பேரலையாக உயர்ந்தது. அந்நியராட்சிக்கு எதிரான உணர்வை மக்களிடையே பரப்பியதில் அவ்வியக்கத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயின், அது பெரிதும் கீழ்நாட்டுச் சிங்களக் கிராமங்களின் இயக்கம். லயத்தின் வாசலுக்கு அது வரவில்லை. அவ்வியக்கத்தில் முன்னின்றவர்களுள் ஒருவரான டி. எஸ். சேனநாயக்க சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரானார். 1948-இல் அவருடைய அரசாங்கம் இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் தலவாக்கலைத் தொகுதி மக்கள், வட்டகொடைக்கு அண்மையில் 1914-இல் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். உரிமையிழந்த மனிதனின் உடல்நலம் எந்த அரசாங்கத்தின் கவலையாக இருக்கும்?

தோட்ட மக்களை நோக்கி நேரடியாகக் குடியைப் பற்றிப் பேசியவர்களுள் முக்கியமானவர் காந்தியடிகள். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த அவர் மலைநாட்டிலும் பயணம் செய்தார். அட்டனில் கூடிய தொழிலாளரிடம் குடியைக் கைவிடுமாறு வேண்டினார். அதே அட்டனைத் தளமாகக் கொண்டு 1931-இல் கோ. நடேசையர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். கூலிக்கும் உரிமைக்கும் குரல் கொடுத்தார். ஒழுக்கத்தின் குரலும் உரிமையின் குரலும் சில ஆண்டு இடைவெளியில் ஒரே மலைச்சரிவில் ஒலித்தன. இவ்விரண்டும் இணையவேண்டிய இடம் எது என்பதே நம் கேள்வி. அதற்கு ஒரு தடயம் கடலுக்கு அப்பால், நம் முன்னோரில் பலர் புறப்பட்டு வந்த சேலத்தில் கிடைக்கிறது.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி இராஜாஜியின் மந்திரிசபை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. கடையை மூடினால் மட்டும் போதாது, அந்தக் கடை நிரப்பியிருந்த மாலைப்பொழுதை வேறொன்றால் நிரப்ப வேண்டும் என்ற உணர்வு அம்முயற்சியில் இருந்தது. ஆகவே விளையாட்டும் பஜனையும் கூத்தும் ஊக்குவிக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1941-இல் தமது நிர்மாணத் திட்டத்தை எழுதிய காந்தியடிகள், மதுவிலக்கைப் பற்றிய பகுதியில் பொழுதுபோக்குக் கூடங்களைத் திறக்கும்படி காங்கிரஸ் கமிட்டிகளுக்கு யோசனை கூறினார். களைத்த தொழிலாளி அங்கே தன் கைகால்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மலிவான நல்ல உணவும் பானமும் பெறவேண்டும். தனக்கேற்ற விளையாட்டும் காணவேண்டும் என்பது அவர் கருத்து.

இங்கே அடுக்கப்பட்டுள்ள வரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதலில் ஓய்வு, அடுத்து உணவு, அதன் பின்னரே விளையாட்டு. காந்தியக் கொள்கைகள் அனைத்தையும் ஏற்காதவர்களும், அட்டன் கூட்டத்துக்கும் இந்த நூலுக்கும் இடைப்பட்ட தொலைவை மதிக்கத்தான் வேண்டும். குடிக்காதே என்ற சொல், இங்கே வந்து இளைப்பாறு என்ற சொல்லாக விரிந்திருக்கிறது.

*

இனி, இக்கால மருத்துவம் என்ன கூறுகிறது என்று நோக்குவோம்.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாள்கள் ஆபத்தானவை. நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் மூன்றாம் நாளளவில் சிலருக்குப் புத்தி தடுமாறும் கடும் நிலை ஏற்பட்டு உயிருக்கே இடர் விளையலாம். தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவு மூளையைப் பாதிக்கலாம். இந்நாள்களில் வேண்டுவது மருத்துவரின் கண்காணிப்பும் மருந்துமே, தேகப்பயிற்சி அன்று. ஓடினால் சரியாகும், வியர்த்தால் விஷம் இறங்கும் என்று சொல்பவர்களை நம்பக்கூடாது. உடற்பயிற்சி மருந்துக்குப் பதிலாக வருவதன்று. மருந்துக்குத் துணையாக, பின்னால் வருவது.

அந்தக் கட்டம் தாண்டியபின் பயிற்சிக்கு உரிய இடம் உண்டு. மிதமான வேக நடையும், மூச்சை வாங்கச் செய்யும் விளையாட்டும் உறக்கத்தைச் சீராக்குகின்றன. மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணிக்கின்றன. குடிக்கவேண்டும் என்ற வேட்கை அலைபோல எழுந்து சிறிது நேரத்தில் அடங்கும் தன்மையது. அந்த நேரத்தைக் கடத்துவதற்கு உடலின் இயக்கம் கைகொடுக்கிறது. மது முரட்டுத்தனமாகத் தூண்டிவந்த மூளையின் இன்ப உணர்வுப் பாதைகளைப் பயிற்சி மென்மையாகத் தூண்டுகிறது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிலையத்தில் மதுவுக்கு அடிமையான 60 பேரை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஒரு வாரம் மருந்தால் நஞ்சு நீக்கிய பிறகு, இரண்டு வாரங்கள் ஒழுங்கமைந்த மூச்சுப் பயிற்சி பெற்றவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது.

ஆயினும் மிகைப்படுத்தல் கூடாது. உலகின் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியிடப்பட்ட ஒரு தொகுப்பாய்வு, பயிற்சியினால் மனச்சோர்வு குறைகிறது, உடலின் திறன் கூடுகிறது என்று கண்டது. ஆனால் குடிக்கும் அளவு பயிற்சியினால் மட்டும் குறைந்ததாக அது காணவில்லை. இம்முடிவைக் கண்டு நாம் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. துணை என்பதன் பொருளே அதுதான். ஊன்றுகோல் நடப்பதில்லை, நடப்பவன் விழாமல் தாங்குகிறது.

நடப்பவனைத் தாங்குவதற்கு வேறு பலவும் வேண்டும். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி. டி. கே. மருத்துவமனை இத்துறையில் முன்னோடி. அந்நிறுவனம் 1989 முதல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடிக் கிராமத்தில் சிகிச்சை முகாம்களை நடத்தியது. நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல் சிகிச்சை அவனுடைய ஊருக்கே வந்தது. மருந்தோடு குழுவாக அமர்ந்து பேசுதலும், மனைவிக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனையும், ஊர்மக்களின் ஆதரவும் சேர்ந்தன. ஒரு மனிதன் குடியிலிருந்து மீள்வதற்கு ஓர் ஊரே உடன்நிற்க வேண்டும் என்பது அம்முகாம்கள் கற்பித்த பாடம். தோட்டமும் ஓர் ஊர்தானே!

இதற்கு நேர்மாறான பாடமும் நம் நாட்டிலேயே உண்டு. பொலன்னறுவை மாவட்டத்திலுள்ள கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில், போதைக்கு அடிமையானவர்கள் படைத்துறையினரின் பொறுப்பில் ஒழுங்குப் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டனர். 2022 ஜூன் மாதத்தில் அங்கிருந்த ஒருவர் இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டது, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர், படையினர் சிலர் கைதாயினர். உடலை வருத்தி ஒழுங்குபடுத்தினால் மனம் திருந்தும் என்ற பழைய நம்பிக்கை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கட்டளைக்கு ஓடுவது தேகப்பயிற்சி அன்று, அது தண்டனை.

*

இப்பொழுது நம் மாணவனின் தந்தைக்கு விடை கூறலாம்.

மலையேறி இறங்குவது அவருடைய தசைகளை இயக்குகிறது, அதில் ஐயமில்லை. தசையை மட்டும் நோக்கின் தோட்டத் தொழிலாளியைவிட அதிகம் உழைப்பவர் யார்? ஆனால் அந்த இயக்கத்தில் அவருடைய விருப்பம் இல்லை. வேகத்தைக் கங்காணி நிர்ணயிக்கிறார். அளவைத் தராசு நிர்ணயிக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் எண் விதிக்கப்படுகிறது. குனிந்த முதுகு குனிந்தபடியே. கூடையின் பாரம் தலையிலிருந்து கழுத்தில் இறங்கியபடியே. ஒரே தசை ஒரே அசைவை ஆயிரம் முறை செய்கிறது. உழைப்பு உடலிலிருந்து எடுக்கிறது; பயிற்சி உடலுக்குக் கொடுக்கிறது. ஒன்று விற்கப்பட்ட நேரம். மற்றது தனக்கென வைத்துக்கொண்ட நேரம். குடிநோயினால் தன்மீதுள்ள ஆளுகையை இழந்த மனிதனுக்கு, தன் உடல் தன் சொற்படி இயங்கும் அரைமணி நேரம் பெரிய செல்வம்.

அந்த அரைமணி நேரம் அவருக்கு எங்கிருந்து வரும் என்பதே அடுத்த கேள்வி. மருத்துவரின் தாளில் இதற்கு விடையில்லை. பிரட்டிலிருந்து அந்திவரை வேலை. அதன்பின் விறகு, தண்ணீர், தோட்டத் துண்டில் மரக்கறி. சமதரை அரிதான இச்சரிவுகளில் விளையாட ஒரு மைதானம் இருப்பதே பெரும்பாக்கியம். ஆகவே தேகப்பயிற்சியைப் பரிந்துரைப்பவர், வேலைநேரத்தையும், கூலியையும், மைதானத்தையும், வீட்டையும் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. ஒழுக்கத்தின் குரலும் உரிமையின் குரலும் இணையவேண்டிய இடம் இதுவே.

நம் மக்களிடம் இதற்கான மரபு இல்லாமலில்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும் லயங்களை நாம் அறிவோம். தப்பின் அடிக்கு ஏற்ப இரவு முழுவதும் ஆடுவது இலேசான வேலையன்று. வேடம் ஏற்பவர் விரதம் காக்கிறார். அந்நாள்களில் ஊரின் கண்கள் அவர்மீது இருக்கின்றன. உடலின் அசைவு, கூட்டத்தின் துணை, தானே ஏற்ற கட்டுப்பாடு, தனக்கொரு மதிப்பு ஆகிய நான்கும் அங்கே ஒன்றுகூடுகின்றன. சிகிச்சை நிலையங்கள் தேடுவதும் இவற்றையே. திருவிழா முடிந்ததும் அதே ஆட்டக்காரரில் சிலர் தவறணைக்குத் திரும்புவதையும் நாம் கண்டிருக்கிறோம். விரதத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு, வலிக்கு இல்லை. அதனால்தான் திருவிழாவின் சில நாள்கள் போதாது. வாரந்தோறும் வரும் மாலைப்பொழுதுகள் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகும். குடியின் பாரத்தை மிகுதியாகச் சுமப்பவள் பெண். கொழுந்துக் கூடையை இறக்கியபின் அடுப்பையும் பிள்ளைகளையும் குடிகாரக் கணவனின் வசையையும் அவளே சுமக்கிறாள். கணவனுக்குக் கைப்பந்து ஆட ஒரு மணி நேரம் தேடும்போது, அந்த ஒரு மணி நேர வேலையும் அவள் தலையிலேயே விழுமானால் நாம் நோயை இடம்மாற்றியவர்களாவோம். அவளுக்கும் ஓய்வு வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் அவளுக்கும் ஓரிடம் வேண்டும்.

தலவாக்கலையில் செயின்ட் கூம்ஸ் தோட்டம் இருக்கிறது. 1925-இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இயங்குகிறது. கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலைச் செடி மீண்டும் தழைப்பது, அதன் வேரில் சேமித்துவைத்த மாச்சத்தைப் பொறுத்தது என்பது இத்துறையினர் நன்கறிந்த உண்மை. ஆகவே சேமிப்புக் குறைந்த செடியை வெட்டுவதற்கு முன் சில வாரங்கள் கொழுந்தெடுக்காமல் ஓய்வாக விடுகிறார்கள். செடிக்குத் தெரிந்த நியாயம் அதை வெட்டும் மனிதனுக்கு எப்போது கிட்டும்?

அந்தத் தந்தையை மறுபடியும் கண்டபோது இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. “சாயந்தரம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வாங்க, பையன்களோட கொஞ்சம் பந்து ஆடலாம். களைப்பா இருந்தா உட்கார்ந்து பார்த்தாலும் போதும்” என்றோம். “மருந்தை மட்டும் விட்டுடாதீங்க” என்றும் கூறினோம். முதல் நாள் அவர் உட்கார்ந்துதான் இருந்தார். இரண்டாம் வாரத்தில், கோட்டுக்கு வெளியே உருண்டுவந்த பந்தை எழுந்து எடுத்து எறிந்தார். அவர் முற்றிலும் மீண்டுவிட்டார் என்று எழுத நமக்கு உரிமையில்லை. அந்தப் பாதை நீண்டது, வழுக்கலும் உடையது. ஆனால் அன்று அந்தப் பந்தை எறியும்படி அவருக்கு யாரும் கட்டளையிடவில்லை. அதற்காக அவருக்கு யாரும் பேர் போடவுமில்லை.